பிரிஸ்பேன் வளவில் எதை நம்பி நடலாம்?

பிரிஸ்பேனுக்குப் புதிதாக வருகிறவர்கள் டிசம்பரில் தக்காளிக் கன்றும் லெட்டூஸ் கன்றும் வாங்கி நடுகிறார்கள், பிறகு பழ ஈ குத்தி அழுகின தக்காளியையும் பூத்துக் கசந்துபோன லெட்டூஸையும் பார்த்துவிட்டு "எனக்குக் கைராசி இல்லை" என்று தோட்டத்தையே கைவிட்டு விடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே டிசம்பர் என்றால் கோடை, அந்தக் கோடைதான் மழைக்காலமும், வெக்கையும் ஈரமும் சேர்ந்தே வரும். தக்காளி, கோவா (முட்டைக்கோஸ்), பீன்ஸ் எல்லாம் ஏப்ரலுக்குப் பிறகு வரும் இதமான நாட்களுக்கு உரியவை. கோடைக்கு வேண்டியது நாங்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த மரக்கறிகள்தான்.

என்னைக் கேட்டால் முதலில் வற்றாளை, அதாவது சர்க்கரைவள்ளி. கிழங்குக்காக மட்டும் சொல்லவில்லை. கொடியில் ஒரு முழம் வெட்டி மண்ணில் படுக்கவைத்தால் போதும், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பாய் விரித்த மாதிரி நிலத்தை மூடிவிடும், அப்புறம் வெயில் மண்ணைச் சுடாது, புல் தலைதூக்காது, கொட்டுகிற மழையில் மண் கரைந்து ஓடாது. 2022 பெப்ரவரிக் கடைசியில் மூன்றே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு எங்கள் வளவில் முதலில் துளிர்த்தது இதுதான். கொழுந்தைக் கிள்ளித் தேங்காய்ப்பூ போட்டு வறை வைக்கலாம். கிழங்கு வேண்டுமென்றால் மேட்டுப்பாத்தி கட்டாயம், களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

முருங்கைக்கும் தேங்கும் தண்ணீர் ஆகாது. ஜூலையில் இலை முழுக்கக் கொட்டி நிற்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். செப்டம்பரில் நெஞ்சளவுக்கு வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். மரவள்ளித் தடியும் அதே மாதத்தில் ஊன்றலாம். கிழங்கை நன்றாக அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாப்பிட வேண்டும், பச்சையாக வாயில் வைக்கக்கூடாது.

துவரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய இனங்கள் பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும், அதனால் தோட்டம் காய்ந்து கிடக்கும் குளிர்காலத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், காற்றிலுள்ள நைதரசனை அது மண்ணுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். யாராவது பொன்னாங்காணித் தண்டு தந்தால் நட முன் நன்றாகப் பாருங்கள். 1990களில் மெல்பேர்னில் இலங்கையர் பலருடைய வீடுகளில் பொன்னாங்காணி என்று நம்பி வளர்க்கப்பட்டது தென்னமெரிக்க அலிகேட்டர் வீட். அது ஆறுகளையே அடைத்துவிடும் களை, குயின்ஸ்லாந்தில் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டது. பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ கணுவோடு ஒட்டியே இருக்கும், களையின் பூவோ தனிக் காம்பில் நீட்டி நிற்கும், அதன் முற்றின தண்டை ஒடித்தால் உள்ளே குழாயாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் வெட்டிக் குப்பையிலோ உரக்குழியிலோ போடாதீர்கள், ஒரு கணு தப்பினாலும் முளைத்துவிடும். களைகளைக் கவனிக்கும் மாநில அரசு அமைப்பான பயோசெக்யூரிட்டி குயின்ஸ்லாந்துக்கோ நகரசபைக்கோ சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர்களே வழி சொல்வார்கள்.