பழைய ஜே.பி.எல். ஹோர்னுக்குப் புது டயபிரம்

என்னிடம் திருத்த வரும் பழைய ஒலிபெருக்கிப் பொக்ஸுகளில் முக்கால்வாசிக்கும் ஒரே முறைப்பாடுதான்: "அண்ணை, மேல் சத்தம் செத்துப்போச்சு, புது யூனிற் போட்டுத் தாங்கோ." போடலாம்தான். ஆனால் 1980களில் செய்த ஒரு நல்ல கொம்பிரெஷன் டிரைவரை (ஹோர்னின் பின்னால் இருந்து மேல் சத்தத்தை உண்டாக்கும் யூனிற்) வீசுவதற்கு முன் அதன் பின்மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்பேன். காந்தம், சத்தத்தை ஹோர்னுக்குள் வழிநடத்தும் ஃபேஸ் பிளக், வார்ப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பழுதாகிப் போயிருப்பது பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற டயபிரம், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு மட்டும்தான்.

இப்போது நான் முடித்துக் கொடுத்த சோடி, ஜே.பி.எல். என்ற அமெரிக்க ஒலிபெருக்கி நிறுவனத்தின் 2425 டிரைவர். ஜே என்று முடியும் வகை, அதாவது 16 ஓம் மின்தடை. மேலே 2370 ஹோர்ன், கீழே அடிச் சத்தத்துக்கு 15 அங்குல ஊஃபர். கொழும்பில் மூடிவிட்ட ஒரு மண்டபத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து, கோயில் திருவிழாவுக்கும் அரங்கேற்றத்துக்கும் கன காலமாக ஓடுகிறது. பிழையைச் சரியாகப் பிடித்தவர் இணுவிலில் வாசிக்கும் ஒரு நாதஸ்வரக்காரர். "தம்பி, நாதஸ்வரம் கேக்குது, சீவாளி கேக்கேல்லை" என்றார். சீவாளி என்பது வாயில் வைத்து ஊதும் நாணல். மற்றப் பொக்ஸில் மேல் சட்சத்தில் நின்றால் ஒரு கரகரப்பு கூடவே வருகிறது என்றும் சொன்னார். எந்த மீற்றரும் இவ்வளவு வடிவாகச் சொல்லியிராது.

மூடியைத் திறந்தேன். கரகரத்த பக்கத்தில், டயபிரத்தின் ஓரத்து மடிப்பில் ஒரு மயிரிழை வெடிப்பு. விளக்கைச் சரித்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். கம்பி மாட்டும் இடத்தில் கடற்காற்றின் பச்சைக் களிம்பு. மற்றதில் டயபிரம் அசல் இல்லை. முன்பு யாரோ மலிவுப் பிரதி ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். டயபிரத்தை அசைக்கும் கம்பிச்சுருளான கொயில் சற்றுச் சாய்ந்து ஒட்டியிருந்தது. இந்தப் பிரதிகள் படத்தில் அசலைப் போலவே இருக்கும், பெட்டியும் அதேபோல இருக்கும். பணத்தை அதில் போடவே வேண்டாம் என்பேன்.

ஜே.பி.எல். 1980களின் தொடக்கத்தில் அலுமினியத்தை விட்டு டைட்டேனியத்துக்கு மாறியதற்குப் பெரிய காரணம் தாங்குசக்தி. அலுமினியம் நெளிந்து நெளிந்து களைத்து வெடிக்கும். டைட்டேனியம் அந்த அடியைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் என் காதுக்கு நாதஸ்வரமும் பெண்குரலும் அலுமினியத்தில்தான் சரியாக இருக்கின்றன. டைட்டேனியத்தின் உச்சியில் ஒரு கூர்மை இருக்கிறது, இரண்டு மணித்தியாலம் கேட்டால் தலை கனக்கும். நல்ல காலம், பழைய 2421இன் அலுமினிய டயபிரம் 2425இலும் பொருந்தும். ரேடியன் என்ற நிறுவனமும் இதற்கென்று அலுமினியக் குவிமாடமும் பொலியெஸ்ரர் ஓரமும் வைத்துச் செய்கிறது. நான் எடுத்தது ரேடியன், 16 ஓம். மச்சான் ரொறன்ரோவிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தார்.

மாற்றுகிற வேலையில் நேரம் எடுப்பது காந்த இடைவெளியைத் துப்புரவாக்குவதுதான். பழைய கொயிலின் தூள், இரும்புத்தூள் எல்லாம் அங்கே ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. மாஸ்கிங் ரேப்பை ஒட்டுப்பக்கம் வெளியே வரும்படி மடித்து, அந்த வட்ட வெட்டுக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி எடுக்கவேண்டும். ரேப் வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. அப்புறம் டயபிரத்தை வைத்து, ஆணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, குறைந்த சத்தத்தில் 500 ஹேர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஓட்டிக் கேட்பேன். எங்காவது உராய்ந்தால் காதுக்கு உடனே தெரியும்.

சரி, யூனிற்றையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்? பி அண்ட் சி நிறுவனத்தின் டிஈ250 நல்ல சாமான். இத்தாலியில் செய்வது, ஒரு அங்குல வாய், 44 மில்லிமீற்றர் கொயில், பொலிஇமைட் டயபிரம். ஆனால் வாயளவு ஒத்தால் மட்டும் போதாது. 16 ஓம் இருந்த இடத்தில் 8 ஓம் போட்டால் மேல் சத்தத்தையும் அடிச் சத்தத்தையும் பிரித்து அனுப்ப பொக்ஸுக்குள் இருக்கும் கிராஸ்ஓவரின் கணக்கே மாறிவிடும். தொடரில் 6.2 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 16 ஓமில் அது ஏறக்குறைய 1600 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும், 8 ஓமில் 3200க்குப் போய்விடும். இடையில் விழும் பள்ளம் பேச்சின் மெய்யெழுத்துகள் வாழும் இடம். ஐயர் சொல்லும் மந்திரம் சத்தமாகக் கேட்கும், சொல் விளங்காது.

துருவம் இன்னொன்று. ஜே.பி.எல்.இன் பழைய சாமான்களில் சிவப்பு முனையில் நேர்மின் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் வெளியே வரும். ஆகவே ஊஃபரை அப்படியே விட்டுவிட்டு மேலே வேறு நிறுவனத்தின் யூனிற்றைப் போட்டால் இரண்டும் எதிரெதிராக அசைந்து ஒன்றின் சத்தத்தை மற்றது குறைக்கும். ஊஃபரில் ஒரு சின்ன 1.5 வோல்ற் பற்றரியைத் தொட்டுப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். யூனிற்றில் பற்றரியை வைக்காதீர்கள்.

புதிது போட்ட பிறகும் "மேலே இன்னும் காணாது" என்று சொல்பவர்கள் உண்டு. அது பழுது அல்ல. பெரும்பாலான கொம்பிரெஷன் டிரைவர்கள் ஏறக்குறைய 3.5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே, அசையும் பாகத்தின் பாரத்தால், ஒவ்வொரு ஒக்ரேவுக்கும் 6 டெசிபல் இறங்கும். பழைய ஹோர்ன்கள் உயர் சத்தத்தை நடுவிலே குவித்துக் காட்டி அதை மறைத்தன. 2370 போன்றவை முன்பக்கம் முழுக்கச் சமமாகப் பரப்புவதால் இறக்கம் அப்படியே வெளிவரும். அதை முழுதாகச் சரிக்கட்ட 10 கிலோஹேர்ட்ஸில் சுமார் 9 டெசிபல் ஈக்குவலைசரில் ஏற்றவேண்டும். 9 டெசிபல் என்றால் எட்டு மடங்கு வற். கொயில் சூடாகிச் சாவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் நான் 6க்கு மேல் ஏற்றுவதில்லை. வீதியில் நிற்கும் கூட்டத்துக்கு அது தாராளம்.

இந்தச் சோடியை இனிக் கோயிலுக்கும் கச்சேரிக்கும் மட்டும்தான் கொடுக்கவேண்டும் என்று உரிமையாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிறந்தநாள் வீட்டு டிஜேக்கு டைட்டேனியம் போட்ட வேறு பொக்ஸ் அவரிடம் இருக்கிறது. மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் "16 ஓம், அலுமினியம்" என்று எழுதிவிட்டேன், அடுத்து திறப்பவருக்குத் தெரியட்டும்.