எதை விடட்டும், மிஸ்ஸி?

"எல்லாத்தையும் விடச் சொல்லாதீங்க மிஸ்ஸி. ஒன்னச் சொல்லுங்க, இன்னிக்கே விட்டுர்றேன்."

டயாலிசிஸ் மையத்தில் நர்ஸான என்னிடம் லோரி அங்கிள் இப்படிக் கேட்டபோது அவருடைய இடது கையில் ரெண்டு ஊசியும் ஏறியாகிவிட்டது, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சும்மா இருந்தது வலது கை மட்டும்தான். அந்தக் கையால்தான் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போர்வை மேல் பரப்பினார். கத்தரித்துக் கழுவிக் காயவைத்த கோழி நகெட் பாக்கெட், த்ரீ-இன்-ஒன் காப்பிப் பொட்டலம், பாக்கெட் மீ நூடுல்ஸ் உறை, ஒரு துண்டு சீஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள். வீட்டில் சாப்பிடுவதன் உறைகளையெல்லாம் கொண்டுவாருங்கள் என்று கேட்டது நான்தான். ஆனால் ஏலம் போடுவது மாதிரி பரப்பிவைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

அந்த மாதமும் அவருக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 2.4 மில்லிமோல். நாங்கள் 1.8-க்குக் கீழே இருந்தாலே நிம்மதி அடைகிறவர்கள். அது ஏறினால் என்ன ஆகும் என்பது டயாலிசிஸுக்கு வருகிற எல்லோருக்கும் மனப்பாடம், எலும்பு அரித்துப்போகும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். அங்கிளுக்கு அதெல்லாம் காதில் ஏறியதே இல்லை. அரிப்புதான் அவர் பிரச்சினை. ராத்திரி எழுந்து சுவரோரம் நின்று முதுகைத் தேய்ப்பாராம், மாடு மாதிரி என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சொன்ன பேச்சு கேட்காத ஆள் என்று அவரைச் சொல்லவே முடியாது, அதுதான் விஷயம். சுவரில் ஒட்டியிருக்கும் உணவுத் தாளில் பால், தயிர், பருப்பு, கச்சான் கடலை, நெத்திலி, முட்டை மஞ்சள் கரு என்று வரிசையாக இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டார். சாம்பாரில் மேலாகத் தெளிவை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்வார். பால் கூடாது என்றதால்தான் த்ரீ-இன்-ஒன்னுக்கே மாறினார். "இதுல பால் இல்ல மிஸ்ஸி, கிரீமர்தான், நான் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று பெருமையாகக் காட்டினார். பொட்டலத்தின் ஒட்டுத் தையல் ஓரத்தில், அரிசியில் பாதிகூட இல்லாத எழுத்தில், 340 என்று இருந்தது. பொட்டாசியம் பாஸ்பேட். சூடான காப்பியில் கொட்டும்போது கிரீமர் திரியாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். டயாலிசிஸ்காரருக்குப் பொட்டாசியமும் ஆகாது, பாஸ்பேட்டும் ஆகாது.

நகெட்டில் 451. இறைச்சியில் இந்த வகைப் பாஸ்பேட்டைக் கலந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், பொரித்தால் சுருங்காது, கடித்தால் மெத்தென்று இருக்கும், எடையும் குறையாது. கடையில் வாங்கும் உறைந்த இறாலில்கூட இந்தக் கைவேலை உண்டு. சீஸில் போட்டால், சீஸ் உருகும்போது எண்ணெய் பிரியாமல் பிடித்துவைக்கிறது. சுருக்கமாக, 338 முதல் 343 வரையும் 450, 451, 452-ம் கண்ணில் பட்டால் அது பாஸ்பேட் குடும்பம். இதை எங்கள் மையத்துக்கு வரும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எண்ணெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, அஜினோமோட்டோ கெடுதல் என்பது மட்டும் எல்லோருக்கும் நிற்கிறது. வாட்ஸப்பில் வருவதும் அதுதான். அதில் சோடியம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கிளின் மகள் அஜினோமோட்டோவை வீட்டில் சேர்ப்பதே இல்லை என்று சத்தியம் செய்வார். நகெட்டை வாரம் ஒரு பெரிய பாக்கெட் வாங்கிப் பிரிட்ஜில் அடுக்குவதும் அவர்தான்.

பருப்பில் இருக்கும் பாஸ்பரஸில் பாதிகூட நம் குடலில் ஏறாது, அது ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. சேர்க்கைப் பாஸ்பேட்டோ தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டி உள்ளே போய்விடும். 2020-ல் வந்த, கே.டி.ஓ.க்யூ.ஐ. என்கிற அமெரிக்கச் சிறுநீரக வழிகாட்டிகூட எவ்வளவு என்பதோடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள் என்கிறது. எங்கள் சுவர்த்தாளில் பருப்பு இன்னும் மூன்றாவதாக இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எதை விடட்டும்?

எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் பதில் சொல்வது பெரிய காரியமில்லை. பாக்கெட்டில் சக்தி, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று கட்டம் போட்டு எண் இருக்கிறது. பாஸ்பரஸுக்குக் கட்டம் கிடையாது. பொருள் பட்டியலில் பெயரோ எண்ணோ இருக்கும், அவ்வளவுதான். 451 என்பது ஒரு சிட்டிகையா ஒரு கரண்டியா என்பது தயாரித்தவருக்குத்தான் வெளிச்சம். நம் மலேசிய உணவு விதிமுறைகள் 1985-ஐக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அனுமதித்த பொருளைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் யாருக்காக அனுமதித்தது? 2019-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாஸ்பேட்டை மறுபடி ஆராய்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ்வரை ஒரு நாளைக்குச் சரி என்றது. அதாவது 70 கிலோ ஆளுக்கு 2,800. கூடவே, சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் கெட்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது என்றும் எழுதிவைத்தது. எங்கள் ஆட்களுக்கு நாங்கள் சொல்வது 800-லிருந்து 1,000. நாலு மணி நேரம் மெஷினில் படுத்தால் ஏறக்குறைய 800 போகும், அதுவும் வாரத்துக்கு மூன்று முறைதான். மீதிக்கு, பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கும் வெள்ளை மாத்திரை, சாப்பாட்டோடு. கணக்கு எப்போதும் நம் பக்கம் சாய்வதில்லை.

"நகெட்ட விடுங்க அங்கிள்" என்றேன்.

இதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யோசிக்காமல் சொல்லவில்லை. காப்பி காலையில் ஒன்றுதான், ஒரு பொட்டலத்தில் இருக்கும் கிரீமரே சில கிராம்தான், பாலை விட்டதை நினைத்தால் அது ஒன்றும் கொள்ளை இல்லை. பாக்கெட் மீ வாரத்தில் எப்போதாவது. சீஸ் பேரனுடையது, ஓரத்தைக் கிள்ளித் தின்பதோடு சரி. நகெட் மட்டும்தான் கிட்டத்தட்ட தினமும், ஆறு ஏழு துண்டு, கோழியின் சொந்தப் பாஸ்பரஸ் ஒரு பக்கம், போட்டது ஒரு பக்கம், உப்பு வேறு. அதைத் தின்றுவிட்டுத்தான் அவருக்குத் தாகம் எடுக்கிறது, தாகம் எடுத்துத்தான் மூன்றரைக் கிலோ தண்ணீரோடு வந்து படுக்கிறார். யாராக இருந்தாலும் இதைத்தான் காட்டியிருப்பார்கள்.

"அப்ப காப்பி இருக்கட்டும்?" என்றார்.

"இருக்கட்டும்."

எங்கள் டயட்டீஷியனுக்கு இந்த 'இருக்கட்டும்'தான் கோபம். மாதம் ஒருமுறை வருகிற மலாய்க்காரப் பெண், நல்ல கெட்டிக்காரி, நோயாளிகளிடம் பேரம் பேசக் கூடாது என்பது அவர் கட்சி. ஒன்றை விடு என்றால் மற்றதற்கு அனுமதி கொடுத்ததாக ஆகிவிடுமாம். கோப்பி-ஓ குடிக்கச் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர் என்று அளந்துவைத்திருக்கிற மனிதர் அதில் ஒரு கோப்பையை ஆசையாகக் குடிக்கிறார், அதையும் கறுப்பாகக் குடி என்றால் என்ன மிஞ்சுகிறது? இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர் மாதத்தில் ஒரு நாள் வருகிறவர், நான் வாரத்தில் மூன்று நாள் அந்த முகத்தைப் பார்க்கிறவள் என்றும் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் 1.9. அங்கிள் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் சீனத்து ஆன்ட்டிக்கெல்லாம் காட்டினார். அரிப்பும் குறைந்ததாம். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும். அப்புறம் அதே தாளில் கீழே போனேன். ரத்தத்தில் இருக்கும் புரதமான அல்புமின் 38-லிருந்து 34. டிரை வெயிட்டும், அதாவது கூடுதல் தண்ணீரை எடுத்த பிறகு இருக்கும் எடையும், ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது.

டயாலிசிஸ் வார்டில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். பாஸ்பரஸ் இறங்குவதற்கு இரண்டு வழி இருக்கிறது. கெட்டதை விட்டாலும் இறங்கும், சாப்பிடுவதையே விட்டாலும் இறங்கும். முதலாவது என்றால் கை தட்டலாம், இரண்டாவது என்றால் ஆபத்து. டயாலிசிஸில் இருக்கிறவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் வேண்டும், மெஷினே கொஞ்சத்தை உருவிக்கொள்கிறது. பாஸ்பரஸ் எண்ணை மட்டும் பார்த்து இது எந்த வழி என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் "குட்" என்று எழுதிவிட்டுப் போனார்.

மகள் வந்து பேசிய பிறகுதான் படம் முழுசாகத் தெரிந்தது. பாயான் லெப்பாஸில் பெக்டரி வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மத்தியானம் வீட்டில் அங்கிளும் பேரனும்தான். பள்ளிவிட்டு வரும் பையனுக்கு அங்கிள் நகெட் பொரிப்பார், அவனோடு உட்கார்ந்து அவரும் தின்பார், அதுதான் அவருக்கு மத்தியானச் சாப்பாடு. இப்போது பையனுக்கு மட்டும் பொரித்துவைத்துவிட்டு இவர் வெறும் சோற்றில் ரசத்தைக் கரைத்துக் குடிக்கிறார். "நீங்கதான் மிஸ்ஸி சொன்னீங்களாம், எடுத்துச் சாப்பிடுப்பான்னா கேக்க மாட்டேங்கிறாரு." சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை பேச வாய்த்திருக்கும்.

பதிலுக்கு என்ன சாப்பிடலாம் என்று நான் சொல்லாமல் இல்லை. பச்சைக் கோழியை வாங்கி, தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரித்தால் பாஸ்பரஸ் கொஞ்சம் போய்விடும், புரதம் தங்கும் என்று அன்றைக்கே விளக்கினேன். எழுபது வயது, டயாலிசிஸ் ஊசி ஏற்ற ரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா இருக்கிற கையில் கனம் தூக்கக் கூடாது, வாழ்நாள் முழுக்க பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் லோரி ஓட்டிக் கடையில் பசியாறிய மனிதர். அவர் கோழியை அவித்துக் கொட்டுவார் என்று நான் நம்பினேனா? தலையாட்டினார், நானும் 'உணவு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று பைலில் எழுதினேன். பொய் இல்லை அது.

அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது, 2009-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒஹாயோவில் 279 டயாலிசிஸ் நோயாளிகள், ஒரு பகுதியினருக்குப் பாஸ்பேட் சேர்த்த உணவை எப்படித் தவிர்ப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியது, நம் அளவில் சொன்னால் 0.2 பக்கம். நான் இதைச் சொல்லித்தான் டயட்டீஷியனிடம் வாதாடினேன், பாருங்கள், உறை படிக்கச் சொல்லிக்கொடுப்பது வேலை செய்கிறது என்று. அவர் சொன்னது: அது எல்லாவற்றையும் படிக்கக் கற்றுக்கொடுத்தது, ஒன்றைச் சுட்டிக்காட்டியது அல்ல. பாயிண்டுதான். ஆனால் அங்கிள் எல்லாவற்றையும் படிக்கிற நிலையில் இருந்திருந்தால் என்னிடம் ஏன் கேட்கப்போகிறார்? அந்த எழுத்தை எனக்கே போனில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் வாசிக்க முடிகிறது.

பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ காலமாக உணவில் நிறம், பதப்படுத்தி, ருசியூட்டி என்று எழுதியும் பேசியும் வருகிறது. சின்ன வயதில் அதையெல்லாம் கேட்டு சிவப்புச் சர்பத்தைக் கண்டாலே பயந்திருக்கிறேன். நல்லதுதான் செய்தார்கள். ஆனால் இந்த வேலையில் சேர்ந்தபிறகு எனக்குப் பொதுவான பயம் எதற்கும் உதவவில்லை. 'பாக்கெட் சாப்பாடு விஷம்' என்று சொல்லி எங்கள் ஆட்களை மிரட்டினால் பாதிப் பேர் கேட்காமல் போவார்கள், மீதிப் பாதி லோரி அங்கிள் மாதிரி கேட்டே தொலைப்பார்கள். கேட்பவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இப்போது பயம்.

நகெட்டுக்குப் பதிலாகக் காப்பியைக் காட்டியிருந்தால்? பாஸ்பரஸ் 2.3-ஆக இருந்திருக்கும், அல்புமின் 38-லேயே நின்றிருக்கும், அங்கிள் சுவரோரம் நின்றிருப்பார். எது மேல் என்று ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போது நான் சொன்னது சரிதான் என்று அடித்துச் சொல்வேன். அடுத்த நாள் அவர் சட்டைக் காலர் கழுத்தில் தளர்ந்து கிடப்பதைப் பார்த்தால் அந்த உறுதி இருப்பதில்லை.

இப்போது மகள் வேலைக்குக் கிளம்புமுன் நாலு முட்டை அவித்து, மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறார். வெள்ளையில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, புரதம் நல்ல புரதம். உப்பில்லாமல் ரப்பர் மாதிரி இருக்கிறது என்கிறார் அங்கிள், இரண்டை விழுங்கிவிட்டு மீதியைப் பையன் தட்டில் தள்ளுகிறாராம். பையன் தட்டிலிருந்து ஒரு நகெட் இந்தப் பக்கம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்கிறார் டயட்டீஷியன். இந்த மாத ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று, அல்புமின் வரட்டும், அதைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.