வீட்டுக் கடன் முடிந்தது, பத்திரம் வரவில்லை

என் தந்தை திருச்சியில் வீடு கட்டுவதற்காக 2010ஆம் ஆண்டில் வாங்கிய கடனின் மிச்சத் தொகையை 2024 மார்ச் 4ஆம் தேதி மொத்தமாகச் செலுத்தி முடித்தார். பதினான்கு ஆண்டுகள் தவணை தவறாதவர் என்பதால், மறுவாரமே கிரயப் பத்திரமும் தாய்ப் பத்திரமும் கைக்கு வந்துவிடும், தங்கையின் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று நம்பியிருந்தார். மார்ச் 19ஆம் தேதி நிலுவை இல்லை என்ற என்ஓசி மட்டும் வந்தது. பத்திரங்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், அவை வெளிமாநிலத்திலுள்ள காப்பகத்தில் இருக்கின்றன, எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம் என்பதே கிளையின் பதிலாக இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் போனபோது, 19ஆம் தேதி தேர்தல் முடியட்டும் என்றார்கள். மக்களவைத் தேர்தலுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் காப்பகத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். கடன் முழுவதும் அடைக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அசல் சொத்து ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும். பதிவகத்தில் சொத்தின் மீது எழுதப்பட்டிருக்கும் அடமானப் பொறுப்பையும் அதே 30 நாட்களுக்குள் நீக்க வேண்டும். தாமதமானால் காரணத்தைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாமதம் நிறுவனத்தின் தவறால் நேர்ந்தது என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். 2023 டிசம்பர் 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ ஆவணம் திருப்பித் தரப்பட வேண்டிய கடன்களுக்கு இது பொருந்தும். எங்கள் கணக்கில் கெடு ஏப்ரல் 3ஆம் தேதி முடிந்திருந்தது. சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு ஏப்ரல் 8ஆம் தேதி கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். முத்திரை போட அந்த ஊழியர் மிகவும் தயங்கினார். அந்தத் தயக்கமே அதன் மதிப்பை எனக்குச் சொல்லிவிட்டது. அதே புகாரை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன்.

இதற்குப் பிறகு நான் செய்தது பொறுமையின்மையால் விளைந்த பிழை. கடன் தொடர்பான எந்தப் புகாருக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார் என்ற பொதுவான எண்ணத்தில், ஏப்ரல் 22ஆம் தேதி சண்டிகரிலுள்ள ரிசர்வ் வங்கியின் மையப் புகார் பெறும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். சில நாட்களில் மின்னஞ்சலில் பதில் வந்தது: புகார் ஏற்கத்தக்கதன்று. முதல் காரணம், நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாட்கள் ஆகியிருக்கவில்லை. அது நானே எதிர்பார்த்திருக்க வேண்டியது. இரண்டாவது காரணம்தான் என்னை உட்கார வைத்தது. எங்களுக்குக் கடன் கொடுத்தது வங்கியே அன்று.

அப்பா பதினான்கு ஆண்டுகளாக அதைப் பேங்க் என்றே சொல்லி வந்தார். நாங்களும் அப்படியே சொன்னோம். கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தபோது, தலைப்பிலேயே அது ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. வங்கிகளுக்கும், வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கும், டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைகளுக்கும் தனித்தனியாக இருந்த மூன்று குறைதீர்ப்புத் திட்டங்களை ஒன்றாக்கி 2021 நவம்பர் 12ஆம் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில், வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் சேர்க்கப்படவில்லை. அந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கிக்கு மாறிவிட்டது. ஆனால் அவற்றின் மீதான புகார்களைக் கேட்கும் வேலை டெல்லியிலுள்ள தேசிய வீட்டுவசதி வங்கியிடமே இருக்கிறது. விதியை எழுதுவது ஒருவர், அதை மீறினால் முறையிட வேண்டியது இன்னொருவரிடம் என்ற இந்த ஏற்பாடு சாதாரணக் கடன்தாரருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கடன் ஒரு வங்கியிலோ சாதாரண நிதி நிறுவனத்திலோ இருந்திருந்தால், முப்பது நாள் காத்திருந்த பிறகு ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் பதிந்திருக்கலாம்; 14448 என்ற எண்ணில் வழியும் கேட்டிருக்கலாம். கூட்டுறவு வேளாண் கடன் சங்கத்தின் மீதான குறை என்றால், கூட்டுறவுத் துறையின் பதிவாளர் அலுவலகங்களுக்குத்தான் போக வேண்டும்.

மே 9ஆம் தேதி, நிறுவனத்துக்கு நான் கொடுத்த ஒரு மாதம் கழிந்ததும், தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் என்ற இணையதளத்தில் புகாரைப் பதிந்தேன். கடன் கணக்கு எண், கடன் அடைத்த ரசீது, என்ஓசி, முத்திரையிட்ட புகார் நகல் ஆகியவற்றை இணைத்தேன். கதையை விரிவாக எழுதாமல், தேதிகளை மட்டும் வரிசையாக எழுதி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை தாமதம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினேன். இல்லாவிட்டால் நான்கு மாதமானாலும் காப்பகத்திலிருந்து கிளம்பியிருக்காத ஆவணங்கள், புகார் பதிந்த இரண்டே வாரத்தில் திருச்சிக்கு வந்து சேர்ந்தன. கிளையிலிருந்து அவர்களாகவே அழைத்தார்கள்.

மே 27ஆம் தேதி கிளைக்குப் போனபோது இரண்டு தாள்களில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். ஒன்று, ஆவணங்களைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை. மற்றொன்றில், இந்தக் கடன் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். நான் அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஒப்புகையின் அடியில் ‘தாமத இழப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் உள்ளது’ என்று கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்திடச் சொன்னேன். கடன் வாங்கும்போது அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரத்தையும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இழப்பீட்டில் இழுபறி தொடர்ந்தது. ஏப்ரல் 4 முதல் மே 27 வரை 54 நாட்கள், ஆகவே 2,70,000 ரூபாய் என்பது என் கணக்கு. என்ஓசி கொடுத்த மார்ச் 19ஆம் தேதியிலிருந்துதான் 30 நாட்களை எண்ண வேண்டும் என்று நிறுவனம் பதில் எழுதியது. அந்தக் கணக்கின்படி 39 நாட்கள். 1,95,000 ரூபாய் ஜூலையில் அப்பாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. சுற்றறிக்கை பேசுவது கடன் அடைத்த நாளைப் பற்றியே தவிர, நிறுவனம் தன் வசதிக்குச் சான்று அச்சிடும் நாளைப் பற்றியன்று என்பதே இன்றும் என் கருத்து.

என் கணக்கிலும் ஒரு குறை இருந்தது. கடன் வாங்கியபோது பதிவு செய்த எம்ஓடியை, அதாவது பத்திரங்களை ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, ரத்து செய்யும் ரசீது ஆவணத்தில் கையெழுத்திட, நிறுவனத்தின் பிரதிநிதி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஜூன் 6ஆம் தேதிதான் வந்தார். பொறுப்பை நீக்குவதற்கும் அதே கெடு என்பதால் மேலும் பத்து நாட்களைச் சேர்த்துக் கேட்டிருக்க முடியும். வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவைப் பார்த்தபோதுதான் இது என் மூளைக்கு எட்டியது.

மீதித் தொகைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக விரும்பினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்; அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு. அப்பா சம்மதிக்கவில்லை. தங்கையின் பெயருக்குப் பத்திரம் பதிவாகிவிட்டது, எனக்கு அது போதும் என்றார். கடன் அவருடையது என்பதால் நானும் கோப்பைக் கட்டி வைத்துவிட்டேன். கையெழுத்திடாத அந்த இரண்டாவது தாளும் அதற்குள்ளேயே இருக்கிறது.