அப்பலாச்சிய மலைச் சமையல்: பீன்ஸ் கோத்தது முதல் அடுக்கு கேக் வரை

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்குக் குடிவந்ததிலிருந்தே இந்த அப்பலாச்சிய மலைக்காரர்களின் வீட்டுச் சமையலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. சாலையோர உணவகங்களில் இந்தச் சாப்பாடு கிடைக்கத்தான் செய்கிறது. நான் தேடியது பனிக்காலத்தில் வீட்டு அடுப்பில் அரை நாள் கொதிக்கும் சமையல். சூப் பீன்ஸ், கார்ன்பிரெட் என்னும் மக்காச்சோள ரொட்டி, பீன்ஸ் வற்றல், ஆப்பிள் அடுக்கு கேக் ஆகியவைதான் அதில் முக்கியமானவை. கிழக்கு கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினாவின் மேற்குப் பக்கம் என்று அப்பலாச்சிய மலை நெடுகிலும் கிராமங்களில் இன்றும் இதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கோடை முடியும்போது தொடங்கினேன். பனிக்காலம் முடிகிற இந்த நேரத்தில், இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

பீன்ஸ் வற்றல்

இங்கே இதற்கு லெதர் பிரிட்சஸ் என்று பெயர். கென்டக்கிப் பக்கம் ஷக்கி பீன்ஸ் என்பார்கள். பச்சை பீன்ஸை முழுசாக நூலில் கோத்துத் தொங்கவிட்டுக் காயவைப்பது. பீன்ஸைத் தோலோடு காயவைக்கும் இந்த முறையில் செரோக்கி பழங்குடியினரின் கைவண்ணமும் கலந்திருக்கிறது. பீன்ஸே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைவதும் அதே இனம்தான்.

காய் தேர்வுதான் இதில் பாதி வேலை. பெரிய கடைகளில் வரும் நாரில்லாத பீன்ஸ் சரிப்படாது. அதன் விதை முற்றுவதற்குள் தோல் கட்டையாகிவிடும். மலையில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்துப் பயிரிடும் நாட்டு வகைகளில், உள்ளே விதை உருண்டு திரண்ட பிறகும் தோல் இளசாகவே இருக்கிறது. அதில் கிரீஸி பீன்ஸ் என்று ஒன்று. தோலில் சுணை கிடையாது, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். கென்டக்கியில் பெரியா என்ற ஊரைச் சேர்ந்த பில் பெஸ்ட் இப்படிப்பட்ட நாட்டு வகைகளை நூற்றுக்கணக்கில் தேடிச் சேர்த்தவர். இந்த விதைகள் இன்றைக்குப் பலர் கைக்கும் போவதில் அவருடைய உழைப்பு பெரியது.

எனக்கு உழவர் சந்தையில் கிரீஸி பீன்ஸ் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கோக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பக்க நாரையும் நுனியிலிருந்து உரித்துவிட வேண்டும். தடித்த ஊசியில் நல்ல கெட்டியான நூல். காயின் நடுவில், இரண்டு விதைக்கு இடையில் ஊசியை ஏற்ற வேண்டும். விதையைக் குத்தினால் அந்த இடம் கறுத்துப் போகும் என்றார். கோத்த காய்களை நெருக்கிவிடாமல், காற்று போகும்படி விரலால் தள்ளித் தள்ளி விட்டார். அவருடைய அம்மா விறகடுப்புக்குப் பின்னால் தொங்கவிடுவாராம். எங்கள் வீட்டில் விறகடுப்பு கிடையாது. மாடி அறையில் வெயில் நேரே படாத சுவரோரமாகக் கட்டி, மின்விசிறியை ஓடவிட்டேன். செப்டம்பரில் இங்கே காற்றில் ஈரம் அதிகம். விசிறி இல்லாமல் பூசணம் பிடித்துவிடும்.

பச்சை வெளுத்து, வைக்கோல் நிறமாகி, கடைசியில் பழுப்பாகச் சுருண்டது. ஆட்டினால் சலசலவென்று சத்தம் வந்தால் தயார். வண்டு முட்டை இருந்தால் சாகட்டும் என்று சில நாள் ஃப்ரீஸரில் வைத்து, அப்புறம் ஜாடியில் அடைத்தேன்.

சமைத்தது டிசம்பரில். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு அதையும் கொட்டினேன். பிறகு உப்பில் போட்ட பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றைச் சேர்த்து மூடி, சின்னத் தீயில் மூன்று நான்கு மணி நேரம். மசாலா என்று எதுவும் கிடையாது. கடுகு தாளிக்கக் கை பரபரத்தது. தாளிக்கவில்லை, அதுதான் சரி. வற்றலுக்கே கொஞ்சம் புகை வாசமும் கொட்டைப் பருப்பின் வாசமும் இருக்கிறது. சாறு கறிச்சாறு மாதிரி அடர்த்தியாக இறங்குகிறது. பச்சை பீன்ஸிலும் இல்லாத, காய்ந்த விதையிலும் இல்லாத மூன்றாவது ஒரு ருசி. காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் அது உண்டாகியிருக்கிறது. இந்தச் சமையல் முழுவதிலுமே ருசி காத்திருப்பதால்தான் வருகிறது என்று எனக்குப் பட ஆரம்பித்தது இங்கேதான்.

சூப் பீன்ஸும் கார்ன்பிரெட்டும்

சூப் பீன்ஸ் என்றால் காய்ந்த பின்டோ பீன்ஸ். இது மலையில் விளைந்து பேர் வாங்கியதல்ல. மேற்கே வறண்ட சமவெளியில் விளைந்து, ரயிலில் மூட்டை மூட்டையாக வந்தது. நிலக்கரிச் சுரங்க ஊர்களில் சம்பளத்தையே கம்பெனி டோக்கனாகக் கொடுத்து, கம்பெனிக் கடையிலேயே செலவழிக்க வைத்த காலம் உண்டு. கெட்டுப்போகாத, விலை குறைந்த, வயிறு நிறைக்கும் பண்டம் அந்தக் கடையில் இதுதான். இன்று வாங்க முடிந்தவர்களும் இதை விடவில்லை.

செய்முறை எளிது. அரை கிலோ பீன்ஸைக் கல் பொறுக்கி இரவே ஊறப்போட வேண்டும். காலையில் தண்ணீரை மாற்றி, முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். இந்த இனத்துக் காய்ந்த விதைகளில் ஒரு நச்சுப் புரதம் உண்டு, நல்ல கொதியில்தான் அது அழியும். ஆகவே நேரடியாக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அப்புறம் புகையூட்டிய பன்றிக்கால் துண்டு ஒன்றைப் போட்டு, தீயைத் தணித்து, விதை குழைந்து சாறு தானாகக் கெட்டிப்படும்வரை விட்டுவிடலாம். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு கைப்பிடி பீன்ஸைப் பானையோரத்தில் நசுக்கிவிட்டால் சாறு இன்னும் கூழாகும். உப்பு கடைசியில், ஏனென்றால் பன்றிக்காலே உப்பு. பன்றி சாப்பிடாத நண்பர்கள் வந்தபோது வெண்ணெயும் உப்பும் மட்டும் போட்டுச் செய்தேன். சாறு இன்னும் கொஞ்சம் நேரம் வற்றினால் அதுவும் நன்றாகவே இருக்கிறது.

மேலே பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டு, பக்கத்தில் சவ்சவ் வைக்க வேண்டும். நம் சௌசௌ காய் அல்ல, இது ஓர் ஊறுகாய். முதல் உறைபனிக்கு முன் தோட்டத்தில் மிஞ்சிய பச்சைத் தக்காளி, முட்டைக்கோஸ், வெங்காயம், மிளகாய் எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, உப்பில் பிசறி நீர் வடித்து, வினிகர், சர்க்கரை, கடுகு, மஞ்சளோடு கொதிக்கவைத்து ஜாடியில் அடைப்பது. கடுகும் மஞ்சளும் இந்த மலைச் சமையலில் எட்டிப்பார்க்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கார்ன்பிரெட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். வேண்டியது வெள்ளை மக்காச்சோளத்தைக் கல் இயந்திரத்தில் அரைத்த குருணை மாவு. நம் ஊர்க் கடையில் 'கார்ன்ஃப்ளார்' என்று விற்கும் ஸ்டார்ச்சை வாங்கிவிடாதீர்கள். கல்லில் அரைத்ததில் முளைப்பகுதியும் சேர்ந்திருப்பதால் எண்ணெய்ச் சத்து உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். ஃப்ரீஸரில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு கப் மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு முட்டை, ஒன்றரை முதல் இரண்டு கப் மோர். மோர் என்றால் இங்கே கடையில் கிடைக்கும் கெட்டிப் புளித்த மோர். அதன் புளிப்பும் சோடாவும் சேரும்போது வரும் வாயுதான் ரொட்டியை எழுப்புகிறது. கோதுமை மாவு வேண்டாம். சர்க்கரை கூடவே கூடாது. வடக்கு மாநிலங்களில் சர்க்கரை போடுவார்கள், இங்கே அதைப் பேசினாலே சண்டை. "சர்க்கரை போட்டால் அதைக் கேக் என்று சொல்லு, கண்ணு" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நானும் இப்போது அவர் கட்சி. இனிப்பில்லாத ரொட்டிதான் பீன்ஸ் சாற்றுக்குத் துணை.

வார்ப்பிரும்புச் சட்டி இல்லாமல் இது வராது. சட்டியைப் பேக்கன் கொழுப்போடு அவனில் வைத்து 450 பாரன்ஹீட் (சுமார் 230 செல்சியஸ்) வரை காயவிட வேண்டும். புகை எழும் நேரத்தில் எடுத்து மாவை ஊற்றினால் ஓரமெல்லாம் சுரீர் என்று பொரிந்து சுருங்கும். அந்த ஒரு நொடியில்தான் மேலோடு உருவாகிறது. சட்டி காயாமல் ஊற்றினால் ரொட்டி வெறும் இட்லி மாதிரி வெளுத்துப் போகும். இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்ததும் தட்டில் கவிழ்த்து, மொறுமொறுப்பான அடிப்பக்கம் மேலே இருக்கும்படி பரிமாற வேண்டும். நான் பழைய பொருள் கடையில் வாங்கிய சட்டியைத் துரு சுரண்டி, மெல்லிய எண்ணெய் பூசி அவனில் சுட்டுச் சுட்டுப் பழக்கினேன். ஒவ்வொரு பூச்சிலும் எண்ணெய் இரும்பில் படலமாகப் படிந்து இறுகியது. டென்னசியில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஜோசப் லாட்ஜ் 1896-இல் தொடங்கிய வார்ப்பாலை இன்றும் இந்தச் சட்டிகளை வார்க்கிறது. அதே ஊரில் கார்ன்பிரெட்டுக்கென்றே ஒரு திருவிழாவும் நடத்துகிறார்கள்.

பீன்ஸும் கார்ன்பிரெட்டும் ஜோடி சேர்ந்ததற்கு ருசியைத் தாண்டிக் காரணம் உண்டு. மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. பீன்ஸ் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் மாநிலங்களில் மக்காச்சோளமும் கொழுப்பும் வெல்லப்பாகும் மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறி, ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தொற்றுநோய் என்றுதான் பலர் நம்பினார்கள். 1914-இல் அரசு சுகாதாரத் துறை அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர், இது உணவுக் குறைபாடு என்று நிறுவினார். அவர்கள் உணவில் குறைந்திருந்தது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937-இல் தெரியவந்தது. பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தை மரச்சாம்பல் நீரில் வேகவைத்தே உண்டார்கள். சாம்பல் நீரின் காரத்தன்மை நியாசினை உடலுக்குக் கிடைக்கும்படி விடுவிக்கிறது. குடியேறியவர்கள் மக்காச்சோளத்தை அவர்களிடம் வாங்கிக்கொண்டார்கள். மாவாக அரைத்தபோது சாம்பல் நீரை விட்டுவிட்டார்கள். அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் மனது கனக்கிறது.

மிஞ்சிய கார்ன்பிரெட்டை மறுநாள் உயரமான கிளாஸில் பிய்த்துப் போட்டு, குளிர்ந்த மோரை ஊற்றி, நீளக் கரண்டியால் சாப்பிடுவார்கள். முதியவர்கள் பலருக்கு இரவுச் சாப்பாடே அதுதான். எங்கள் வீட்டிலும் இப்போது வழக்கமாகிவிட்டது.

பிஸ்கட்டும் (இங்கே அது மென்மையான குட்டி ரொட்டி) கிரேவியும் செய்தேன். பசைத்தன்மை குறைந்த மென்கோதுமை மாவு வாங்கினால் பிஸ்கட் பஞ்சாக வரும், அவ்வளவுதான் அதில் சூட்சுமம்.

சோளப் பாகும் அடுக்கு கேக்கும்

இங்கே சார்கம் என்பது நம் கரிசல் காட்டில் விளையும் அதே சோளம்தான், தண்டில் சர்க்கரை மிகுந்த வகை. ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர். இந்த இனிப்பு வகை அமெரிக்காவில் பரவியது 1850களில். உள்நாட்டுப் போரில் தெற்கிலிருந்து கரும்புச் சர்க்கரை வராமல் போனபோது வட மாநிலங்களிலும் வேகமாகப் பரவியது. டென்னசியின் கம்பர்லாந்து பீடபூமியில் மடி பாண்ட் என்ற ஊரில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் இன்றும் இலையுதிர் காலத்தில் தண்டை ஆட்டிப் பாகு காய்ச்சுகிறார்கள். நீண்ட தட்டையான கொப்பரையில் பச்சைச் சாறு கொதிக்கும். மேலே வரும் பச்சை நுரையை ஓயாமல் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய பத்து காலன் சாறு வற்றி ஒரு காலன் பாகாகும். வெல்லத்தின் இனிப்போடு லேசான புளிப்பும் புல் வாசமும் கலந்த ருசி.

இந்தப் பாகில்தான் அடுக்கு கேக். கிரீம் கிடையாது, பஞ்சு மாதிரி உப்புவதும் இல்லை. மாவு, பாகு, முட்டை, மோர், வெண்ணெய், சுக்குப் பொடி சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, வட்ட வட்டமாக மெல்லிசாகத் தட்டி, 350 பாரன்ஹீட்டில் (சுமார் 175 செல்சியஸ்) பத்து நிமிடம் சுட்டால் பிஸ்கோத்துப் போல விறைப்பாக வரும். நடுவில் பூசுவது ஆப்பிள் வற்றலை நீரில் வேகவைத்து மசித்த விழுது. காயவைக்காத ஆப்பிளில் செய்தால் நீர்த்துப் போகும், வற்றலில்தான் அந்த அடர்ந்த புளிப்பு. ஆப்பிளைத் தகரக் கூரையில் காயவைத்தார்கள் அந்தக் காலத்தில். நான் பாட்டி சொன்னபடி வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடிக்குக் கீழே துணி விரித்துப் பரப்பினேன். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தால் நீராவி வெளியேறுகிறது. கார் முழுக்க ஆப்பிள் மணம் வெகுநாள் இருந்தது.

கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஓர் அடுக்கைச் சுட்டுக் கொண்டுவந்து கேக்கை உயர்த்துவார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். உணவு வரலாறு எழுதுகிறவர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. எனக்கும் சந்தேகம்தான். ஏனென்றால் அடுக்கி முடித்த கேக்கை அன்றைக்கே வெட்ட முடியாது. இரண்டு நாளாவது மூடி வைத்தால்தான் விழுதின் ஈரம் அடுக்குகளுக்குள் இறங்கும். அடுக்கிய அன்றே ஓரமாக ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன், கடக் என்று உடைந்தது. மூன்றாம் நாள் கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. எது மாவு எது ஆப்பிள் என்று பிரிக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பாட்டிக்கு ஒரு பாதியைக் கொடுத்தேன். விழுதில் பட்டையைக் குறைத்து, சுக்கைக் கூட்டச் சொன்னார். அப்படியே செய்த அடுத்த கேக் இன்னும் நன்றாக வந்தது.

அடுத்து ஹோமினி, அதாவது காரநீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய மக்காச்சோளம். கல்லில் அரைக்காத முழு வெள்ளை மக்காச்சோளம் வாங்கி வைத்திருக்கிறேன். மரச்சாம்பலின் காரத்தன்மை ஒவ்வொரு விறகுக்கும் மாறும் என்பதால் முதலில் ஊறுகாய்க்கு விற்கும் சுண்ணாம்பில் வேகவைத்து, தோல் கழன்றதும் பல தண்ணீரில் அலசப் போகிறேன். அது சரியாக வந்தால் சாம்பலில் ஒரு முறை. கிரீஸி பீன்ஸில் விதைக்கென்று முற்றவிட்ட காய்களும் தனி ஜாடியில் இருக்கின்றன. உறைபனிப் பயம் நீங்கியதும், மே மாதத்தில் மண் சூடேறிய பிறகு, வேலியோரம் ஊன்ற வேண்டும். கொடி ஏறக் கம்பு நட்டாயிற்று.