ஜீப்புக்கு டோ பார் போடுகிறவர்கள் முதலில் இறக்கத்தை யோசியுங்கள்

எங்கள் வீட்டு ஜீப்பின் பின்னால் ட்ரெய்லர் இழுக்கும் இரும்பான டோ பார் பூட்டியதைப் பார்த்த கந்தப்பளைக்காரர் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். இழுக்கும், அதில் பிரச்சினையே இல்லை. நுவரெலியாவைத் தாண்டி லபுக்கலையில் இருந்து இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அதே பாரம் பின்னால் நின்று நம்மைத் தள்ளுமே, அதை எப்படிப் பிடிப்பது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மச்சானுக்குக் கொஞ்சம் மரக்கறிக் காணி இருக்கிறது. கரட், லீக்ஸ், கோவா, சில போகத்தில் உருளைக்கிழங்கு. மூட்டைகளையும் கோழி எருவையும் ஜீப்பின் பின் இருக்கையை மடித்துவிட்டு ஏற்றினால், மறுநாள் பிள்ளைகள் அதே வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று வாங்கலாம் என்றால், 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025இல் திறந்த பிறகும் வரியோடு சேர்ந்து எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. சின்ன ட்ரெய்லர் ஒன்றும் ஒரு டோ பாரும் போதும் என்று முடிவெடுத்தோம்.

முதலில் பார்க்கவேண்டியது வண்டியின் கையேடு. நம் ஊரில் ஓடும் ஜீப்புகளில் பல ஜப்பானில் இருந்து வந்தவை, கையேடும் ஜப்பான் மொழியில்தான் இருக்கும். அதே மொடல் அவுஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ விற்கப்பட்டிருந்தால் அந்த நாட்டுக் கையேட்டை இணையத்தில் எடுத்துப் படிக்கலாம், ஆனால் எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நிறை இழுக்கலாம் என்று அதில் இரண்டு எண் இருக்கும். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. எங்கள் வண்டிக்கு 1,500 கிலோவும் 750 கிலோவும். இந்த இடைவெளியைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். எஞ்சின் அதேதான், மாறுவது நிறுத்துகிற சக்தி மட்டும். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த நிறைக்கும் ஒரு எல்லை உண்டு, ஆகவே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு 750ஐயும் இழுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது பூட்டுகிற இடம். ஒரு வெல்டிங் கடையில் விசாரித்தபோது அங்கிருந்த அண்ணன், "பம்பருக்குள்ள இருக்கிற இரும்புல ஒரு சனலை ஒட்டிடுவோம் தம்பி, லேண்ட்மாஸ்டருக்கு இப்படித்தானே போடுறோம்" என்றார். லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரம் போகும் வேகம் வேறு, ஜீப் போகும் வேகம் வேறு. பம்பர் இரும்பு மோதலில் நசுங்குவதற்காக வைத்தது, இழுப்பைத் தாங்க வைத்தது இல்லை. பெரும்பாலான ஜீப்புகளில் பின்பக்கச் சேசிஸ் சட்டத்திலேயே இதற்கென்று துளைகள் இருக்கும், அந்த மொடலுக்கென்று செய்த டோ பார் அதில் போல்ட்டோடு அப்படியே உட்காரும். சேசிஸில் வெல்டிங் வேண்டாம், சூடுபட்ட இடத்தில் இரும்பின் பலம் குறைந்துவிடும். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் குத்தியிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பாரத்தோடு கொஞ்சம் ஓடிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி முறுக்கவேண்டும்.

டோ பாரின் நுனியில் ட்ரெய்லரின் கப் வந்து உட்காரும் உருண்டையின் அளவு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 50 மில்லிமீட்டர் உருண்டைதான் பொது, ஆனால் அமெரிக்க அளவில் அதைவிடச் சின்னது ஒன்றும் உண்டு. பெரிய கப்பில் சின்ன உருண்டை உட்கார்ந்தால் பள்ளத்தில் ஒரு குலுக்கலுக்குக் கழன்றுவிடும், அதனால் இரண்டிலும் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், கப் கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலியிலேயே விழும்.

வயரிங்கை அவசரப்பட்டு முடிக்காதீர்கள், மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கும் ஊர் இது. ஏழு பின் சொக்கெட்டில் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது, சிவப்பு பிரேக், மண்ணிறமும் கறுப்பும் பின்விளக்குகள், நீலம் பனிமூட்ட விளக்கு, வெள்ளை எர்த். சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் மங்கலாக மின்னினால் முதலில் அந்த வெள்ளை வயரைப் பாருங்கள். புது வண்டிகளில் பின்விளக்கு வயரை அறுத்து நேரடியாக இணைத்தால் வண்டியின் கணினி குழம்பும், பற்றரியில் இருந்து தனி மின்சாரம் எடுக்கும் ரிலே பெட்டி போடுவதே நல்லது.

இனி இறக்கம். கரட் மூட்டை ஒன்று 50 கிலோ என்றால் எட்டு மூட்டை 400, வெறும் ட்ரெய்லர் 180, ஆக 580 கிலோ. பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் அத்தனையையும் ஜீப்பின் பிரேக்தான் பிடிக்கவேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் அடித்தால் பாரம் ஜீப்பின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும், ஈர ரோட்டில் ஜீப்பும் ட்ரெய்லரும் கத்தி மாதிரி மடங்கிவிடலாம். அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்கவேண்டும், இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிடவேண்டும். ஓட்டோ கியர் வண்டிகள் பலவற்றிலும் தாழ்ந்த கியருக்கு L இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, கீழே புசல்லாவை வருவதற்குள் பிரேக் பெடல் பிடிக்காமல் உள்ளே போய்விடும்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில், அதாவது உருண்டையின்மேல் இருக்கவேண்டும். 580 கிலோவுக்கு 58. ஆள் நிறை பார்க்கும் தராசின்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் மூக்கை வைத்தாலே தெரிந்துவிடும். பாரம் பின்பக்கம் கூடினால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும், அந்த நேரத்தில் எதிர்த்து ஸ்டியரிங்கைத் திருப்பாமல் மெதுவாக அக்சிலரேட்டரை விடவேண்டும். முன்பக்கம் அளவுக்கு மீறினாலும் ஜீப்பின் முன்சக்கரம் இலேசாகிவிடும், டோ பாரில் எழுதியிருக்கும் மூக்கு நிறையைத் தாண்டாதீர்கள்.

தோட்டத்து ரோட்டில் எதிரே பஸ் வந்தால் நாம்தான் பின்னுக்கு எடுக்கவேண்டி வரும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். சந்தை மூடிய பிறகு வெற்று மைதானத்தில் பழகிக்கொள்வது நல்லது.

ட்ரெய்லருக்கும் தனிப் பதிவும் இலக்கத் தகடும் வேண்டும். செய்யக் கொடுப்பதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எங்களுடையதில் இன்னும் ட்ரெய்லர் பிரேக் இல்லை. ஜீப் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளும் அந்தத் தள்ளலையே வைத்துத் தன் சக்கரங்களைப் பிடிக்கும் வகை பிரேக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், கிழங்கு போகத்துக்கு முன் பூட்டிவிட எண்ணம். அதுவரை நுவரெலியா சந்தைக்கு நான்கு மூட்டைதான், இறம்பொடைப் பக்கம் என்றால் வெறும் ட்ரெய்லர்கூட வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார்.