வீடியோ காலில் முழங்கால் பிசியோ: மூன்று ஸ்டிக்கர் பொட்டு போதும்

2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். முதல் ஆறு வாரம் சும்மா விட்ட முட்டியைப் பிறகு மடக்குவது பெரும்பாடு. மிச்சமிருந்த வழி, பிசியோதெரபிஸ்ட் வீடியோ காலில் பயிற்சி சொல்லித் தருவது. அப்படிச் சொல்லித் தருகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

அதில் முதலில் கெடுவது, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்ற அளவு. பேரன் நின்றுகொண்டு மேலிருந்து போனைப் பிடித்தால் கோணம் பொய் சொல்லும். கட்டில் உயர ஸ்டூலில், ஆறேழு அடி தள்ளி, அரிசி டப்பாவில் போனைப் படுக்கைவாட்டில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அறுவை செய்த கால் கேமரா பக்கம் இருக்கட்டும். இடது, வலது என்று சொல்லவே வேண்டாம். செல்ஃபி கேமராவில் குழப்பம்தான் மிஞ்சும்.

பிறகு ஸ்டிக்கர் பொட்டு. தொடையெலும்பு இடுப்போரம் புடைக்கும் இடம், முட்டியின் வெளிப்புற எலும்பு, வெளிக் கணுக்கால் என மூன்று. இடுப்பில் துணிமேல் ஒட்டியது நகரும்; ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முடிந்தவரை மடக்கியதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியைத் திரையில் வையுங்கள். தொடைக்கும் கீழ்க்காலுக்கும் இடையே 100 காட்டினால் மடங்கியது 80 டிகிரி. 180இலிருந்து கழிக்க மறந்து சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் 90 நல்ல இலக்கு.

மடக்குவதிலேயே கண்ணாக இருந்து நீட்டுவதைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். இலவம்பஞ்சு மெத்தை அமுங்கி, முட்டிக்கடியில் உள்ள இடைவெளியை மறைத்துவிடும். பலகைக் கட்டிலில் பாய் போதும். முட்டிக்கடியில் மகள் உள்ளங்கையை வைக்கட்டும். தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை அந்தக் கையை அழுத்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. "கை நசுங்குதாம்மா?" என்று மகளிடம் கேளுங்கள், திரையில் அது தெரியாது. எண்ணுவது நோயாளியாக இருக்கட்டும்: நெட் தாமதம் குழப்பாது, மூச்சையும் அடக்க மாட்டார்.

மடக்கும் பயிற்சிக்கு நாற்காலியில் உட்கார வைத்து, டைல்ஸ் தரையில் பாதத்துக்கடியில் பிளாஸ்டிக் கவர் போட்டால் கால் வழுக்கிப் பின்னால் போகும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும்; லேசான பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. முட்டி மடங்காதவர் இடுப்பைத் தூக்கி ஏமாற்றுவார், கண் அங்கே இருக்கட்டும்.

ஒவ்வொரு வீடியோ காலிலும் முதல் வேலை, தையல் டேப்பால் இரு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் அளப்பது. அறுவை செய்த பக்கம் 3 செ.மீ. கூடி, சூடும் வலியும் இருந்தால் ரத்தக்கட்டி சந்தேகம். பயிற்சியை நிறுத்தி உடனே அறுவை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108.