காட்டு வேலை செய்த காலுக்கும் பயிற்சி வேண்டும்

எங்கள் பாலக்கோடு பக்கம் வயதானவர்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே, "காலம்பூரா காட்டுல உழைச்ச உடம்பு, எனக்கெதுக்கு அதெல்லாம்? தினமும் கடை வரைக்கும் நடந்துட்டுத்தானே வர்றேன்" என்பார்கள். உழைத்தது உண்மை, நடப்பதும் நல்லதுதான். ஆனால் கீழே விழாமல் இருக்க நடை மட்டும் போதாது என்பதை யாரும் அவர்களிடம் அழுத்திச் சொல்வதில்லை, அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

வயது ஏற ஏறத் தொடையிலும் கெண்டைக்காலிலும் சதை வற்றிப்போகிறது. சமமான ரோட்டில் நேராகப் போகிறவரைக்கும் அது தெரியாது. வாசற்படி இறங்கும்போதோ, ஈரமான பாத்ரூமில் திரும்பும்போதோ, ராத்திரி கட்டிலிலிருந்து எழும்போதோ உடம்பு ஒரு பக்கம் சாயும் பாருங்கள், அந்த நொடியில் சட்டென்று காலை எடுத்து வைத்துத் தாங்கிக்கொள்ள வலு வேண்டும். அது இல்லாமல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, 2019-இல் இது பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி செய்த 60 வயது தாண்டியவர்களிடம் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. நிற்கும் நிதானத்துக்கான பயிற்சியோடு வலுவுக்கான பயிற்சியும் சேர்ந்த இடங்களில் 34 சதவீதம் வரை குறைந்திருந்தது. வெறும் நடைக்கு அப்படி உறுதியான பலன் தெரியவில்லை.

என் மாமியாருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண். (2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியதே நமக்குப் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். கையை மார்பில் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். எழுவதைவிட அந்த இறக்கம்தான் அத்தைக்குக் கஷ்டமாக இருந்தது, தொடை நடுங்கியது. கையை ஊன்றாமல் எழ முடியாதவர்கள் முதலில் ஊன்றியே எழலாம், தப்பில்லை.

அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, மேடை ஓரமாகவே பக்கவாட்டில் நடப்பது. அடிப்பிரதட்சணம் போல ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது. இதற்குப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னார்.

"மேடையை விட்டா விழுந்துருவேன்மா" என்றார் அத்தை.

"விடாதீங்கம்மா, ஒரு விரலை மட்டும் வச்சுக்கங்க" என்றார் அந்தப் பெண்.

விஷயமே அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது. இரண்டு கையால் பிடிப்பது பழகிவிட்டால் ஒரு கை, அப்புறம் ஒரு விரல், கடைசியில் மேடை பக்கத்தில் இருக்கும், ஆனால் தொடக்கூடாது. கொஞ்சம் ஆடினால்தான் உடம்பு தாங்கக் கற்றுக்கொள்ளும். சுலபமானதையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் முன்னேற்றம் இருக்காது. வயதானவர்கள் விழாமல் இருக்க நியூசிலாந்தில் உருவாக்கிய ஒட்டாகோ பயிற்சி முறையும் இப்படித்தான், பழகப் பழகக் கணுக்காலில் எடைகூடக் கட்டச் சொல்வார்கள். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறுத்தினால் வந்த பலமும் போய்விடும், அதனால் தினசரி வேலையோடு சேர்த்துவிடுவது நல்லது. அத்தை சோறு வடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் குதிகால் தூக்குகிறார்.

ஏற்கெனவே விழுந்தவர்கள், எழுந்ததும் தலை சுற்றுகிறவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள், முதல் சில வாரம் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். சொல்லித்தர ஆள் இல்லை என்றால், மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பிசியோதெரபி வேண்டும் என்று கேளுங்கள்.